ரிப்பேர் பார்த்தவர் முதலில் ஏறணும்

என் வீட்டுக்காரருக்கு விமானம் என்றால் பயம். இதை பெங்களூர் ஜோகுபாளையத்தில் எங்கள் தெரு முழுக்கப் பரப்பியவள் நான்தான். அல்சூர் மார்க்கெட்டில் காய் விற்பவரிடம் சொன்னேன், கோயிலில் பிரகாரம் சுற்றும்போது பக்கத்தில் வந்த அம்மாளிடம் சொன்னேன், யாரென்றே தெரியாத ஆட்டோக்காரரிடம்கூடச் சொன்னேன். எனக்கு வாய் அதிகம். ஒரு விஷயம் கையில் கிடைத்தால் அதை ஊற வைத்து, அரைத்து, நாலு வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். அப்படிப்பட்டவள், அதற்குப் பிறகு நடந்ததையும் வாயைத் திறந்து சொல்வதுதான் நியாயம்.

அவர் அரசு பஸ் டிப்போவில் முப்பது வருஷத்துக்கும் மேல் மெக்கானிக்காக இருந்து ரிட்டயர் ஆனவர். சத்தத்தைக் கேட்டே எந்த வண்டிக்கு என்ன சீக்கு என்று சொல்லிவிடுவார். நான் சமையலறையில் மிக்சியைப் போட்டால் ஹாலிலிருந்து குரல் வரும்: "பேரிங் தேஞ்சு போச்சுடி."

"என் முட்டியுந்தான் தேஞ்சு போச்சு. அதை யாரு கேக்கறாங்க?" என்பேன். முப்பத்தைந்து வருஷமாக எங்கள் குடித்தனம் இப்படித்தான் ஓடுகிறது.

அவருடைய டிப்போவில் ஒரு வழக்கம் இருந்தது. பிரேக்கோ இன்ஜினோ சரி செய்த பஸ்ஸை ஜனங்களை ஏற்றுவதற்கு முன்னால் காலியாக ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார்கள். அதற்கு டிரயல் என்று பெயர். ரிப்பேர் பார்த்த மெக்கானிக் அந்த டிரயலில் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தே ஆகணும். எங்கேயும் எழுதி வைத்த சட்டம் கிடையாது. ஆனால் ரிப்பேர் பார்த்தவர் முதலில் ஏறாத வண்டியை எந்த டிரைவரும் தொடமாட்டார். கன்னடக்காரர், தமிழர், தெலுங்கர், துருக்கர் என்று டிப்போவில் எல்லா ஜனமும் உண்டு. மற்ற எதில் சண்டை போட்டாலும் இதில் மட்டும் ஒரே பேச்சு.

அந்த வழக்கத்தை மனுஷர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். ஏணிக்குப் படி மாற்றினால் அவர்தான் முதலில் ஏறுவார். குக்கருக்கு வால்வு மாற்றினால் எங்களை வாசலுக்கு விரட்டிவிட்டு, முதல் விசில் வரும்வரை அடுப்புப் பக்கத்தில் தனியாக நிற்பார். மகள் சின்னவளாக இருந்தபோது மாடியில் ஊஞ்சல் கட்டினார். "கட்டினவந்தான் மொதல்ல ஆடணும்" என்று உட்கார்ந்து ஒரு வீசு வீசினார். கயிறு அறுந்து விழுந்து, மூன்று நாள் நின்றுகொண்டே சாப்பிட்டார். நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது. மகள் மட்டும் சிரிக்காமல், "அப்பா விழுந்ததாலதானே நான் விழல" என்றாள். அப்போது அவளுக்கு ஆறு வயசு.

எங்களுக்கு அவள் ஒருத்திதான். இப்போது தில்லியில் வேலை. மருமகனுக்குக் கப்பலில் வேலை, கிளம்பினால் ஆறு மாசம் கழித்துத்தான் கரையைப் பார்ப்பார். அவருக்குத் தாய் தகப்பன் இல்லை. இந்த நிலைமையில் மகள் உண்டானாள். தலைப்பிரசவம் நம் வீட்டில்தானே நடக்கணும் என்று நான் இங்கே எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். ஆனால் ஏழாம் மாசத்தில் டாக்டர் பிரயாணமே கூடாது, படுத்தே இருக்கணும் என்று சொல்லிவிட்டார். சரி, மகள் வர முடியாவிட்டால் அம்மா போகவேண்டியதுதான். பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்னால் விமானத்தில் போவதாக ஏற்பாடு.

அந்தச் சமயத்தில்தான் டிவியில் அந்தச் செய்தி வந்தது. எங்கேயோ தூர தேசத்தில் ஒரு பயணிகள் விமானம் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே இன்ஜின் கோளாறாகி விழுந்துவிட்டது. அதையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள், பின்னணியில் டமடமவென்று ஒரு மேளம் வேறு. கருகிய புல்லில் ஒரு குழந்தையின் ஷூ ஒற்றையாகக் கிடந்தது. யார் பெற்ற பிள்ளையோ. நான் எழுந்து போய்ச் சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்தேன். ஏற்றிவிட்டுத் திரும்பினால் இவர் டிவிக்கு அரை அடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். விமான நிபுணர் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்: ஒரு இன்ஜின் கெட்டால் இன்னொன்றில் பறந்து வந்து இறங்கிவிடலாம், ஆனால் பதற்றத்தில் கெட்டதற்குப் பதிலாக நல்ல இன்ஜினை நிறுத்திவிட்டார்களோ என்று சந்தேகம் இருக்கிறது, விசாரணை முடிந்தால்தான் தெரியும் என்று.

"நல்லத நிறுத்திட்டாங்களாமே!" என்றார் இவர். அன்றைக்கு ராத்திரி சோற்றைத் தொடவில்லை. மறுநாள் காலையில் நேரே போய் விமான டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து வரும் திங்கட்கிழமைக்கு தில்லி ரயிலில் இரண்டு இடம் போட்டுக்கொண்டு வந்தார்.

எனக்கு வந்ததே கோபம்! "ஊர்ல பஸ் கவுராததா? அதுக்காக முப்பது வருஷம் டிப்போவுக்குப் போகாம இருந்தீங்களா?"

"பஸ் நின்னு போனா எறங்கித் தள்ளலாம்டி. அங்க எறங்கி யாரு தள்றது?"

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் ஊரைச் சிரிக்க வைத்தேன். காய்க்காரர் அவரைப் பார்த்ததும், "என்ன சார், பிளேனைத் தள்ளணுமா? ஆளு அனுப்பட்டா?" என்று கேட்பார். இவரும் கோபப்படாமல் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டு நிற்பார். என் பேச்சுக்கு அவர் பதில் சொல்வதில்லை என்பதால் நான் இன்னும் அதிகமாகப் பேசுவேன். என் சுபாவம் அப்படி.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மகளிடமிருந்து போன் வந்தது. குரலே சரியில்லை.

"அம்மா, பி.பி. ஏறிடுச்சாம். இனிமே காத்திருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. நாளான்னிக்கு, வியாழக்கிழமை காலைல ஆபரேஷன்." பிறகு, "உள்ள கூட்டிட்டுப் போறப்ப நீ பக்கத்துல இருந்தா போதும்மா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். வந்துடுவல்ல?" என்றாள்.

"வராம? வந்துட்டேன்னு வெச்சுக்கோ" என்றேன்.

அன்றைக்கு ராத்திரி ரயிலில் இடம் கிடைத்தாலும் வியாழக்கிழமை காலை ஆபரேஷன் நேரத்தில் நாங்கள் வழியில் எங்கேயோ டீ குடித்துக்கொண்டிருப்போம். நான் இவரைப் பார்த்தேன். இவர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, "சரி. காலைல பிளேனுக்கே டிக்கெட் போடு" என்றார். சொம்புத் தண்ணீர் முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தார்.

புதன்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். எங்கள் வீட்டிலிருந்து விமான நிலையம் போவதே ஒரு ஊருக்குப் போகிற மாதிரி. வழி முழுக்க நான் அவரை விடவில்லை. "கண்ண மூடிக்கோங்க, நான் கைய புடிச்சுக்கறேன். வாந்தி வந்தா முன்னாடி பை இருக்கும்." பாதுகாப்புச் சோதனையில் அவர் பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன ஸ்பேனரை எடுத்தார்கள். "எதுக்கு சார் இது?" என்று இந்தியில் கேட்டார் அந்தக் காவலர். இவருக்கு இந்தி தெரியாது. "சும்மா, ஒரு தைரியத்துக்கு" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு ஸ்பேனரைக் கொடுத்துவிட்டார். பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிற மாதிரித் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் சிரித்துச் சிரித்து அழுதுவிட்டேன்.

என் மடியில் ஒரு துணிப்பை. அதில் அவருடைய பழைய பருத்தி வேட்டிகள், நாலைந்து வருஷம் துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆனவை. பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் போடக்கூடாது, உடம்பு உறுத்தும். சூட்கேஸ் தொலைந்தால்கூடப் பரவாயில்லை, இது தொலையக்கூடாது என்று மடியிலேயே வைத்திருந்தேன்.

இறக்கைக்குப் பக்கத்தில் இடம். இவர் பெல்ட்டைப் போட்டுக் கண்ணை இறுக்க மூடினார். "இன்னும் நின்னுட்டுத்தாங்க இருக்கு" என்றேன். வண்டி ஓடி, மூக்கைத் தூக்கி, மேலே கிளம்பியது. கீழே வயலும் வீடுமாகப் பெங்களூர் சின்னதாகிக்கொண்டே போனது. "பாருங்க, எவ்வளவு அழகா இருக்கு. இதுக்குப் போயி..." என்று நான் ஆரம்பித்தேன்.

டமார் என்று ஒரு சத்தம்.

அடுத்து டமார், டமார், டமார். விமானம் ஜுரம் வந்தவன் மாதிரி உதறியது. வலது பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் 'நெருப்பு, நெருப்பு' என்று கத்தினார்கள். ஏதோ கருகுகிற வாசனை. எனக்கு அந்த ஒற்றை ஷூதான் கண்ணில் வந்தது. அதற்கப்புறம் நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். ஓவென்று அழுதேன். "ஐயோ என் பொண்ணு, என் பொண்ணு" என்று கத்தினேன். துணிப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குழந்தைக்கு வைத்திருந்த வேட்டியையெல்லாம் கண்ணீரும் மூக்குமாக ஆக்கினேன். அவர் கையைப் பிடித்துக்கொள்வதாகச் சொன்னவள், அவர் சட்டைக் காலரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

அவர் கண்ணைத் திறந்திருந்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மிக்சி சத்தத்தைக் கேட்பாரே, அதே மாதிரி.

"இரு, அழாத. கேக்க விடு" என்றார். உதறல் மெதுவாக நின்றது. "ரைட்டு போச்சு. நிறுத்திட்டாங்க. லெப்ட்டு நல்லா பாடுது." என் தலையைத் தட்டிக்கொடுத்தார். "சரியானதத்தான் நிறுத்தியிருக்காங்கடி. திருப்பாம நேரா எடுத்துட்டுப் போறாங்க பாரு. நல்ல டிரைவரு."

"டிரைவரா? இது பஸ்ஸாங்க?" என்று அழுகைக்கு நடுவிலும் நான் கேட்டேனாம். எனக்கு ஞாபகமில்லை, அவர் சொல்லித்தான் தெரியும்.

ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் வந்தது. பேசியது விமானிதான். ஒரு இன்ஜினில் கோளாறு, அதை நிறுத்திவிட்டோம், இன்னொன்று நன்றாக இருக்கிறது, பெங்களூருக்கே திரும்பி இறங்கப் போகிறோம் என்றார். அரை மணி நேரம்கூட இருக்காது, எனக்கு அது ஒரு யுகம். இவர் அந்த அரை மணி நேரமும் என் காதில் நேர்முக வர்ணனை செய்துகொண்டே வந்தார். இப்ப மெதுவா திருப்பறாங்க, இப்ப சக்கரம் எறங்குது, அந்த கடகட சத்தம் ஒண்ணுமில்ல, அது அப்படித்தான். சக்கரம் தரையைத் தொட்டதும் எல்லோரும் கை தட்டினார்கள். ஓரத்தில் தீயணைப்பு வண்டிகள் எங்களோடு கூடவே ஓடிவந்தன. நான் எழுந்திருக்கப் பார்த்தேன், கால் என்னுடையதாகவே இல்லை.

எங்களைத் திரும்பக் கூடத்துக்குக் கொண்டுவந்து உட்கார வைத்து இட்லியும் காப்பியும் கொடுத்தார்கள். வேறு விமானம் இரண்டு மணிக்கு என்று அறிவிப்பு வந்தது. நான் காப்பியைக் கீழே வைத்தேன்.

"நான் வரலைங்க."

"என்னது?"

"நான் இனிமே அதுல ஏறமாட்டேன். ரயில்ல வரேன்."

"ரயில்ல வந்தா வெள்ளிக்கிழமைதான் போய்ச் சேருவ."

"சேர்றேன். உயிரோட சேர்றேன்ல?"

அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள். "ஏறிட்டியாம்மா?" என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னால் அவளுக்கு ரத்த அழுத்தம் இன்னும் ஏறிவிடும். "பிளேன் லேட்டுடி, கொஞ்சம் லேட்டு" என்றேன். "பரவால்லம்மா, நீ வந்துட்டா எனக்கு பயமே இல்ல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நான் போனைப் பார்த்துக்கொண்டே அழுதேன். அவளுக்காக எதையும் செய்வேன் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! இப்போது செய்யவேண்டியது நாற்காலியை விட்டு எழுந்து நடப்பது மட்டும்தான். அது என்னால் முடியவில்லை. என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

ஒரு வாரமாக ஊரைக் கூட்டி அவரைக் கிண்டல் செய்தவள் நான். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அன்றைக்கு என்னென்ன பேசியிருப்பேன் என்று நினைத்தாலே வெட்கமாக இருக்கிறது. அவர் பதிலுக்கு ஒரு கிண்டல்கூடச் செய்யவில்லை. வரிசையில் ஆட்கள் நிற்க ஆரம்பித்ததும் தன் காலைக் காட்டினார். பேண்ட்டுக்குள் முட்டி வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"எனக்கு மட்டும் பயம் போயிடுச்சுன்னு நெனைக்கறியா? இதப் பாரு" என்றார். "ஆனா நாளைக்கு நம்ம பொண்ணுக்கு டிரயல். நாம வளத்து ரோட்டுக்கு அனுப்புன வண்டி. பின்சீட்டுல யாருமே இல்லாம எப்படி அனுப்பறது? நீ மெதுவா ரயில்ல வா. தப்பில்ல. நான் ஏறுறேன்."

என் மடியிலிருந்து துணிப்பையை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றுவிட்டார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் பிடித்துத் தொங்கியதில் காலர் கசங்கி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கை வியர்வையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார், மறுபடி துடைத்துக்கொண்டார். முதலில் எனக்குப் பாசம் பொங்கியது, உடனே கோபமும் வந்தது. இந்த மனுஷனுக்குப் பிரசவ வார்டில் என்ன தெரியும்? நர்ஸிடம் பேரிங் தேய்மானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு நிற்பார். குழந்தையை எந்தப் பக்கம் தூக்குவது என்றுகூடத் தெரியாது. அந்தக் கோபத்தில்தான் கால் வந்தது. எழுந்து போய் அவர் பின்னால் நின்றேன். அவர் திரும்பிப் பார்க்காமலே பையை என்னிடம் கொடுத்தார்.

விமானத்தடிக்குப் பஸ்ஸில் கொண்டுபோய் இறக்கினார்கள். படிக்கட்டைப் பார்த்ததும் எனக்கு மறுபடியும் கால் போய்விட்டது. முதல் படியில் ஒரு காலை வைத்தேன், இன்னொரு கால் வரவில்லை. பின்னால் வரிசை நின்றுவிட்டது. படிக்குப் பக்கத்தில் பளபளக்கும் பச்சைச் சட்டை போட்ட இன்ஜினியர் ஒருவர் கையில் ஒரு புத்தகத்தோடு நின்றிருந்தார். இவர் நேரே அவரிடம் போய்க் கன்னடத்தில் கேட்டார்.

"சார், இதன்ன நீவே நோடித்ரா?" இதை நீங்கள்தான் பார்த்தீர்களா என்று.

"ஹௌது சார், நானே" என்றார் அவர், ஆமாம் நான்தான் என்று.

"ஹாகாத்ரே ஹத்தி." அப்படியானால் ஏறுங்கள் என்றார் இவர்.

அந்த இன்ஜினியர் ஒன்றும் புரியாமல் விழித்தார். இவர் டிப்போ வழக்கத்தைச் சொன்னார். ரிப்பேர் பார்த்தவர் ஏறினால்தான் டிரைவர் வண்டியைத் தொடுவார், இவளும் அந்த டிரைவர் மாதிரிதான், ஏறமாட்டேன் என்கிறாள், நாளைக்குக் காலையில் எங்கள் பெண்ணுக்கு ஆபரேஷன் என்று ஒரே மூச்சில் கொட்டினார். பின்னால் நின்றவர்களில் கன்னடம் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தெரியாதவர்களுக்கு அவர்கள் சொல்ல, அவர்களும் சிரித்தார்கள்.

இன்ஜினியர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். "விமானி கையெழுத்து வாங்க நான் எப்படியும் மேல போகணும்மா" என்று தமிழிலேயே சொன்னார். "தில்லி வரைக்கும் வர முடியாது, டியூட்டி இருக்கு. ஆனா கதவு மூடற வரைக்கும் உள்ள இருக்கேன். பன்னி." பன்னி என்றால் வாருங்கள். அவர் முன்னால் ஏறினார். நான் அவருடைய பச்சைச் சட்டையை மட்டும் பார்த்துக்கொண்டு, வேறு எதையும் பார்க்காமல், ஒவ்வொரு படியாக ஏறினேன். பின்னாலிருந்து இவர் என் முதுகில் கையை வைத்துக்கொண்டே வந்தார். சொன்னபடியே கதவு மூடுகிறவரை அந்த இன்ஜினியர் விமானிகளின் அறை வாசலில் நின்று, எங்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத்தான் இறங்கினார். புண்ணியவான், எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

தில்லி போகும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை காதில் குரல் கேட்டது: "ரெண்டும் பாடுது." அவ்வளவுதான். ஒரு தடவை நானாகவே கேட்டேன், "இப்பவும் பாடுதா?" என்று. அவர் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்! திட்டினேன். உடனே எழுந்து உட்கார்ந்து கேட்டுவிட்டு, "பாடுது, பாடுது" என்றார்.

வியாழக்கிழமை காலையில் மகளைத் தள்ளுகட்டிலில் படுக்க வைத்து ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோனார்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். கதவுக்குப் பக்கத்தில் நர்ஸ் ஒரு நிமிஷம் நிறுத்தினார்.

"எனக்கு எல்லாம் தெரியும்மா" என்றாள் மகள் மெதுவாக. "நேத்தே போன்ல நியூஸ் வந்துடுச்சு, பெங்களூர்ல கெளம்புன பிளேன் திரும்பி எறங்கிடுச்சுன்னு. நீ காப்பி வாங்கப் போனப்ப அப்பாகிட்ட கேட்டேன். அப்பா ரொம்ப பயந்துட்டாராமே? ஏறவே மாட்டேன்னு அழுதாராமே? நீதான் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தியாம். நீ இல்லன்னா வந்திருக்கவே மாட்டேன்னு சொன்னாரு." என் கையை இறுக்கினாள். "எங்கம்மாவுக்கு அவ்வளவு தைரியம். எனக்கும் கொஞ்சமாவது இருக்கும்ல?"

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் தூரத்தில் சுவரோரம் நின்று, கூரையிலிருந்த ஏ.சி.யின் சத்தத்தைக் கேட்கிற மாதிரி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லடி, அழுதது நான், என்று சொல்ல வாய் வரை வந்தது. என் வாயில் வந்த ஒன்றை நான் விழுங்கியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. "இருக்கும்டி. நெறைய இருக்கும். போயிட்டு வா" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

பெண் குழந்தை. நல்ல குரல். இவருடைய பழைய வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் முதல்நாள் ராவோடு ராவாகத் துவைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்தியிருந்தேன். இவர் குழந்தை அழுவதைத் தலை சாய்த்துக் கேட்டுவிட்டு, "நல்லா பாடுது" என்றார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார்.

மூன்று மாசம் கழித்துப் பெங்களூருக்குத் திரும்பினோம், விமானத்தில்தான். மறுநாள் அல்சூர் மார்க்கெட்டுக்குப் போனோம். மகள் இதற்குள் தெருவில் தன் சிநேகிதிகளுக்குப் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். செய்தி எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. காய்க்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"என்ன சார், பிளேனுக்குள்ள அம்மா கையப் புடிச்சிக்கினு ஓன்னு அழுதீங்களாமே?"

"ஆமாம்பா" என்றார் இவர், முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டே. "அவ இல்லன்னா நான் ஏறியே இருக்கமாட்டேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. நடு மார்க்கெட்டில் நின்று உரக்கச் சொன்னேன்: "இல்லீங்க. அழுதது நான். ஏறமாட்டேன்னு உக்காந்ததும் நான். என்னைக் கூட்டிட்டுப் போனவரு இவரு."

காய்க்காரர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "வீட்டுக்காரர விட்டுக்குடுக்க மாட்டேங்கறீங்க பாருங்க! இதாம்மா பொம்பளைன்றது." பக்கத்துக் கடைக்காரரும் ஆமாம் ஆமாம் என்றார்.

அன்றிலிருந்து கோயிலில், தெருவில், ஆட்டோவில், எல்லா இடத்திலும் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒருவரும் நம்பவில்லை. நான் முன்பு சொன்ன பொய்யும் மெய்யுமான கிண்டலையெல்லாம் நம்பிய ஜனம், இதை மட்டும் நம்ப மறுக்கிறது. இவரோ பக்கத்தில் நின்று வெண்டைக்காய் முற்றலா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அன்றைக்கு முட்டி நடுங்க நடுங்க முதலில் போய் வரிசையில் நின்றவர் அவர்.